பதில் வராவிட்டால் சம்மதம்

மார்ச் 4
காது கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒன்பது வருடம் முன் நான் தொடங்கிய இணையக் குழுமம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். அட்மின்கள் என்னோடு ஆறு பேர். எதைக் கேட்டாலும் மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் போன வருடம் அந்த விதியை எழுதினேன்: மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம். இப்போது வேலை மளமளவென்று நடக்கிறது.

மார்ச் 9
காதுக் கருவி விற்கும் ஒருவரின் பதிவை நீக்கினேன். அட்மின்களில் ஒருவரான கணக்கு டீச்சர் போன் செய்தார்.
"எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணா நாங்க எதுக்கு?"
"மூணு நாள் குடுத்திருக்கேனே."
"அழிச்சிட்டு அப்புறம்தானே கேட்டீங்க?"
போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 15
நாளை மகளுக்குக் காதில் அறுவை சிகிச்சை. குழுமத்தில் சொன்னேன், நூறு பேருக்கு மேல் ஆறுதல். டீச்சரும், "குழந்தையப் பாருங்க, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது.

மார்ச் 17
மகள் தலையில் கட்டு. வாந்தி. போனைத் தொடவில்லை.

மார்ச் 20
வீடு வந்தோம். குழுமத்தைத் திறந்தால் நான் அட்மின் இல்லை.
பதினாறாம் தேதி டீச்சர் வைத்த முன்மொழிவு, என்னைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. பதில் தராத ஐவர் — சம்மதம். அந்த ஐந்தில் ஒன்று நான். என்னை வெளியேற்ற நானே கை தூக்கியிருக்கிறேன்.
"ஆஸ்பத்திரில இருக்கேன்னு தெரியாதா?" என்று டீச்சரிடம் கேட்டேன்.
"தெரியும். விதில விலக்கு ஒண்ணும் இல்லையே. நீங்க எழுதினதுதான்."
பாவி. நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டா. மத்த நாலு பேரு? வேண்டாம்னு ஒரு வார்த்தை போட்டா விரல் தேஞ்சிடுமா? நான் என்ன தப்பு பண்ணேன்?
— பண்ணேன். பேசாம இருக்க அவங்களப் பழக்கினதே நான்தான்.

மார்ச் 26
மகளுக்குத் தையல் பிரித்தார்கள். யாரும் விசாரிக்கவில்லை.

ஏப்ரல் 11
குழுமத்தில் ஒரு புதுத் தாய்: குழந்தை கருவியைப் பிடுங்கி எறிகிறதாம். கீழே அந்த விற்பனைக்காரரின் பதில் மட்டும், வேறு கருவி வாங்கச் சொல்லி. மனது கேட்கவில்லை. தனிச்செய்தி அனுப்பினேன்: விளையாடும் நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் மாட்டுங்கள், மெதுவாகக் கூட்டுங்கள்.
பதில் உடனே வந்தது. "தனியா வர்ற மெசேஜ நம்பாதீங்கன்னு அட்மின் சொல்லியிருக்காங்க. நீங்க யாருங்க?"
நீளமாக ஏதோ எழுதி அழித்தேன். 'உங்களைப் போல ஒரு அம்மா' என்று அனுப்பினேன்.
பிளாக் செய்துவிட்டாள்.