ஏலத்தில் திக்காத வாய்

9 ஜூன், திங்கள்
விடியலிலிருந்து தூறல். மண்டியில் ஹனூர் வாழை லோடு ஈரத்தோடு இறங்கியது. ஏலக்கித் தார்களில் காம்பு கறுப்பு. ஏழு மணிக்கே ஏலம் கூவி முடித்தேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் சுகன்யா, காப்பி தரும்போது சொல்லிவிட்டாள்: "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு ஒரு மாசமாப் பேச்சுத் திக்குது. உங்களப் பாத்துத்தான் புடிச்சுக்கிட்டாளோன்னு பயமா இருக்குது. அவ முன்னால கொஞ்சம் பேசாம இருங்கப்பா."

பேத்திக்கு மூன்றரை வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளாகத் திக்குவாய். ஒரு தார் பழுத்தால் பக்கத்துத் தாரும் சேர்ந்து பழுக்கும். முப்பது வருடமாகப் பார்ப்பது. நியாயம்தான். தலையாட்டினேன்.

10 ஜூன், செவ்வாய்
நாள் முழுக்கக் குழந்தையோடு சைகைதான். சக்கரம் கழன்ற பொம்மை காரைக் கொண்டுவந்தாள். மாட்டிக் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. உள்ளே போய் அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்டது காதில் விழுந்தது: "அ-அ-அப்பிச்சிக்கு எம்மேல கோவமா?"



மருந்துக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ். திக்குவாய் ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சிக்குப் பெரியவர்கள் தேவையாம். போன் நம்பர் போட்டிருந்தது. திக்குவாய்க்காரனைப் போன் பண்ணச் சொல்லும் புத்திசாலி யாரோ! போன்தான் எனக்கு எமன். கீழே விலாசமும் இருந்தது; நேரில் போக வேண்டும்.

12 ஜூன், வியாழன்
போனேன். ஆராய்ச்சி செய்யும் பெண் பெயர் ஜெனிஃபர். மைசூர்த் தமிழ்ப் பெண். முதலிலேயே பேரம் பேசினேன்: "நீங்க கேக்கறதெல்லாம் சொல்றனுங்க. எனக்கு ஒ-ஒரே கேள்விக்குப் ப-ப-பதில் வேணும்."

"டீல் சார்," என்றாள்.

கண்ணாடி அறை, காதில் ஹெட்போன். ஒரே பத்தியை ஐந்து முறை படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் திக்கல் குறைந்தது. அவளும் கூடச் சேர்ந்து படித்தபோது சுத்தமாக இல்லை! இத்தனை வருடம் இந்த வாயை வைத்திருக்கிறேன், இது தெரியாது.

அவள் எழுதச் சொன்ன பட்டியல்:
திக்கும் - போன், பாங்க், சம்பந்தி வீடு, சொந்தப் பெயர் சொல்லும்போது.
திக்காது - தனியாக, நாயிடம், பாட்டுப் பாடும்போது, ஏலத்தில்.
'ப' வராது. பச்சைப்பழத்தை 'ரோபஸ்டா' என்பேன்.

"ஏலத்துல திக்காதா? இங்கயே கூவுங்க சார்."

மண்டியில் கூவுகிற கன்னடத்திலேயே, பச்சைப்பழம் ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவினேன். "பச்சபாளே பச்சபாளே, ஒந்து சாரி, எரடு சாரி..." 'ப' தண்ணீராக ஓடியது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மண்டியில் வியாபாரி சையது என்னைப் பற்றிச் சொல்வதைச் சொன்னேன்: "சாவ்கார் ஏலத்துல ரயிலு, பேச்சுல ஜட்கா வண்டி." விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏன் இப்படி? "தாளம் வெளியேருந்து கெடைச்சா மூளைக்கு வேலை சுலபமாகுதுன்னு நினைக்கிறோம் சார். பேச்சைத் திட்டம் போடற எடத்துக்கும் வாயை அசைக்கிற எடத்துக்கும் நடுவுல டைமிங் கொஞ்சம் பெசகுது. முழுசா இன்னும் தெரியல." தெரியாததைத் தெரியாது என்கிறாள். இவளை நம்பலாம்.

பிறகு என் கேள்வி. என் பேச்சைக் கேட்டுக் குழந்தைக்கு ஒட்டிக்கொண்டதா?

"இல்லவே இல்ல சார். கேட்டு ஒட்டாது, பயந்தும் வராது. ஆனா குடும்பத்துல ஓடும்."

அப்படியென்றால் தார் இல்லை, கன்று. எங்கே நட்டாலும் தாயின் ரகம். அதற்கும் ஜெ. ஒத்துக்கொள்ளவில்லை; எல்லாக் கன்றுக்கும் வராதாம், வந்தாலும் முக்கால்வாசிக் குழந்தைகளுக்குத் தானாகப் போய்விடுமாம். யாருக்குப் போகும், யாருக்கு நிற்கும் என்பதைத்தான் தேடுகிறார்கள். பேத்தியை அழைத்துவரச் சொன்னாள். "மெதுவாப் பேசுன்னு சொல்லாதீங்க. முடிக்கிற வரைக்கும் காத்திருங்க, போதும்."

13 ஜூன், வெள்ளி
மழை இல்லை. நஞ்சன்கூடு சரக்கு வரவில்லை.

ஒட்டவில்லை என்றதும் சந்தோஷம். நேற்றுத் திரும்பும் பஸ்ஸில் பாதி தூரத்தில் அது போய்விட்டது. பேசாமல் இருந்தாலும் பேசினாலும் என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. வாய் வழியாக இல்லை, ரத்தம் வழியாக.

சுகன்யாவிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப உங்ககிட்ட இருந்துதானாப்பா?" என்றாள்.

"ஆமா." அந்த ஒரு சொல் திக்கவில்லை.

வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு, "ரெண்டு நாளா அப்பிச்சி அப்பிச்சின்னு அழுவறா. போய்ப் பேசுங்கப்பா."

போகவில்லை. ஏன்? தெரியவில்லை. ஜெ. வந்து ஹெட்போன் மாட்டினால் தெரியலாம்.

15 ஜூன், ஞாயிறு
மண்டி லீவு. கால் நகம் வெட்டினேன். திங்கட்கிழமை ஜெ.யிடம் குழந்தையோடு போக ஆட்டோ சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது பேத்தி வந்து முழங்காலைப் பிடித்தாள். வழக்கம்போல 'கண்ணு' என்று கூப்பிடப் போனேன். பிறந்ததிலிருந்து அவளுக்கு என் வாயில் 'கண்ணு'தான். எல்லாரும் செல்லம் என்று நினைக்கிறார்கள். நிறுத்திக்கொண்டேன். ஏல ராகத்தில் கூவினால் சுலபமாக வரும். அதுவும் வேண்டாம்.

"ப... ப-ப-ப... ப-பவித்ரா."

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு, முடிக்கும்வரை நின்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு கேட்டாள்: "எ-எம் பேரு உங்களுக்குத் தெ-தெரியுமா அப்பிச்சி?"