பெரிய சாமியின் ஒயினில் சர்க்கரை

ஊருக்கெல்லாம் அருளப்பனாகவும் எனக்கு மட்டும் ‘என்னங்க’வாகவும் இருந்த உங்களுக்கு,

நீங்கள் போனபின் சாமியார் பங்களாவின் சமையல்கட்டை நான்தான் பார்க்கிறேன். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட மனசில் ஒட்டுவதில்லை. எதற்காக எழுந்திருக்கிறோம் என்று சில காலைகளில் தோன்றுகிறது. அங்கே உங்களுக்கும் அப்படித் தோன்றுமா?

பெரிய சாமி படுத்த படுக்கையாகிவிட்டார். காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் வாசனையே ஏறுவதில்லை. மல்லிகையும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான். இந்த நேரம் பார்த்து, அவர் பிறந்த பிரான்சில் போர்தோ பக்கம் இருக்கிற அவர் தம்பி, தன் தோட்டத்துப் புதுச் சிவப்பு ஒயினை வழக்கம்போல இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறார். மதுவிலக்குக் கெடுபிடியில் பர்மிட் வாங்கி அது வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒன்றைத் திறந்து ருசி பார்த்து, மற்றது எத்தனை வருஷம் கிடக்க வேண்டும் என்று தம்பிக்கு எழுதுவாரே. பக்கத்தில் நிற்க நீங்கள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார். “நீ ஊத்திக் கொண்டா மேரி. வாசனையும் நீதான் சொல்லணும்” என்றார்.

சமையல்கட்டில் ஒரு வாய் குடித்தேன். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு இதையா கொடுப்பது? நம் வீட்டுக் கிறிஸ்மஸ் ஒயினுக்குப் போடுவதுபோலச் சர்க்கரையும் கிராம்பும் போட்டு, லேசாகச் சுட வைத்து, ஆறியதும் கொண்டுபோனேன். நீங்கள் இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பீர்கள்.

ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் செத்துவிட்டது. “இனிக்குதே மேரி. என் தம்பி தோட்டம் கெட்டுப்போச்சு” என்றார். கண் கலங்கிவிட்டது.

“நாந்தான் சாமி சர்க்கரை போட்டேன். வாய் துவர்க்குமேன்னு.”

டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “அத நீயே குடி. எனக்குப் புட்டில இருக்கிறத அப்படியே கொண்டா.”

இந்தமுறை கன்னம் ஒட்ட வாயில் வைத்திருந்து, கிண்ணத்தில் துப்பிவிட்டுச் சிரித்தார். “இம்புட்டுத் துவர்ப்பு இருந்தாத்தான் நின்னு பழுக்கும். வாசம் என்ன?”

நானும் அவசரப்படாமல் மறுபடி குடித்துப் பார்த்தேன். துவர்ப்பு அடங்கியபின் மெல்ல வந்தது. “நாவப்பழம் சாமி. அதுக்குப் பின்னால பென்சில் சீவுன வாசம்.”

“அதேதான்” என்றார். “எத்தன வருஷம் கிடக்கணும்?”

இந்த மழைக்காலத்தைத் தாண்டுவாரா என்றே டாக்டர் சந்தேகப்படுகிறார். ஆனாலும் அவரை இரண்டாம் தடவை ஏமாற்ற மனம் வரவில்லை. “பத்து வருஷமாவது கிடக்கணும் சாமி” என்றேன்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தம்பிக்கு அதையே எழுதச் சொன்னார். மற்ற புட்டியை யாருக்கு வைப்பது என்று கேட்டேன்.

“பத்து வருஷம்னு சொன்னது நீ. நீயே இருந்து குடிச்சுப் பாரு.”

நீங்கள் போனதிலிருந்து அடுத்த கிறிஸ்மஸைப் பற்றிக்கூட நான் நினைத்ததில்லை. பத்து வருஷம் என்று எப்படிச் சொன்னேன்?

புட்டியை வெயில் படாத இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் உங்களை அடக்கம் பண்ணிய அன்று, பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று அழுதேனே, அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வராமல் இருக்கமாட்டேன். கொஞ்சம் பொறுத்திருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
மேரி