இரவல் செருமல்

அன்புள்ள அம்முவுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். உன் சித்தப்பா மாடிக்குழாயைச் சரிசெய்கிறேன் என்று வந்து கீழ்க்குழாயையும் கெடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளாக விடாமல் மழை. நம் சலூன் கண்ணாடியில் ஆவி படிந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முகம் எங்கோ தொலைவில் மிதப்பது போலத் தெரிகிறது, துடைத்தால் கிட்டே வருகிறது, மறுபடி போய்விடுகிறது.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். "இந்த மந்திரி நிஜமாவே அழறாராப்பா, இல்ல நடிப்பா? எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேச்சை மாற்றினேன். நடந்ததைச் சொல்கிறேன். ஆலைக் கூரை இடிந்து விழுந்து மூன்று பேர் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒருவர் நம் தெருவில் நாலு வீடு தள்ளியிருந்த ஃபிட்டர். துக்கம் விசாரிக்க வந்த மந்திரி முதல் நாளே வந்து விருந்தினர் மாளிகையில் தங்கினார். காலையில் சவரம் செய்ய என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரிய வெள்ளை அறை, ஜன்னலுக்கு வெளியே மழையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் நுரை போடும்போதே அவர் கண்ணாடியைப் பார்த்து, "நானும் உங்க குடும்பத்துல ஒருத்தன்" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு 'நானும்' என்பதை அழுத்தி ஒரு முறை, 'குடும்பத்துல' என்பதை அழுத்தி ஒரு முறை. உதவியாளர் பக்கத்தில் நின்று, ரெண்டாவது நல்லாருக்குங்க ஐயா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கத்தி பட்டுடும், கொஞ்சம் பேசாம இருங்கய்யா என்றேன்.

உதவியாளர் ஃபோன் பேச வெளியே போனார். நான் கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்குக் கத்தியை இறக்கினேன். அப்போது மந்திரி கண்ணை மூடிக்கொண்டே, "உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை அம்மு. உன் அம்மாவுக்கு நிழலாடினாலே தூக்கிவாரிப் போடும், உனக்குத் தெரியும். அதனால் வாசலில் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகியும் செருமிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன், என்றைக்குச் செரும மறக்கிறேனோ அன்றைக்குத்தான் அவள் நிஜமாகப் போவாள் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். கத்திக்கு அடியில் அவர் தொண்டை ஏறி இறங்கியது. கேமரா இல்லை, ஆள் இல்லை. முப்பது வருஷமாகத் தொண்டைகளைப் பார்க்கிறேன், அது நடிப்பு இல்லை.

சாயங்காலம் டிவியில் அவர் ஃபிட்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா போய் ரெண்டு வருஷமாச்சு, இன்னமும் செருமிட்டுத்தான்மா வீட்டுக்குள்ள போறேன்" என்றார். நீ கலங்கியது அந்த இடத்தில்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய அம்மா போன மாசம்தான் ஒரு கடையைத் திறந்துவைத்தார் என்று மறுநாள் சலூனில் எல்லாரும் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேரே ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன், அந்தப் பொய்யை அந்தப் பெண்ணிடம் உடைத்துவிட வேண்டும் என்று. சுவரில் ஃபிட்டரின் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள், "அவர் பொய் சொல்றாருன்னு எனக்கு அப்பவே தெரியும்ணா. நடுநடுவுல அந்த உதவியாளரைப் பாத்துக்கிட்டார். ஆனா எங்க வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு வர நேரத்துக்கு நான் இன்னமும் தாழ்ப்பாளை எடுத்து வெக்கிறேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நெனச்சேன். அதைக் கேட்டப்புறம், இல்ல, இது எல்லாருக்கும் வர்றதுதான்னு தோணுச்சு." அது என் வார்த்தைம்மா என்றேன். கோபமே இல்லாமல், "அப்ப நீங்க வந்து சொல்லியிருக்கலாமேண்ணா, நாலு வீடுதானே" என்றாள்.

பொய்க்காரர் அத்தனை தூரம் கார் ஏறி வந்தார், மெய்யை வைத்திருந்தவன் நாலு வீடு தாண்டிப் போகவில்லை. திரும்பி வரும்போது தெருவெல்லாம் தண்ணீர், விளக்குகள் கீழே ஒரு தெரு இருப்பது போல நடுங்கிக்கொண்டிருந்தன, எந்தத் தெருவில் நடக்கிறேன் என்றே புரியாமல் நடந்தேன். மந்திரியின் அழுகை நிஜமா என்று கேட்டாயே, அறைக்குள் நிஜம், வாசலுக்கு வந்ததும் வேலை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் விஷயத்தைத்தான் அதன்பிறகு யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெற்ற மகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் அவரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாள் மத்தியானம், நீ விமானத்தில் இருந்தாய். அவள் கண்ணைத் திறந்து, "அம்மு பேசினாளா?" என்றாள். "பேசினா, நீ தூங்கிட்டிருந்த. சாப்பிட்டுட்டேன்னு சொன்னா, உன்னைத் தலை பின்னி வெச்சுக்கச் சொன்னா, வந்து பாப்பேன்னா" என்றேன். அத்தனையும் நான் கட்டியது. ஆனால் சொல்லும்போது உன் குரல் என் காதில் கேட்டது. அவள் சிரித்தாள், தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், பின்னிவிடச் சொன்னாள். ஆயிரம் தலை பார்த்த கைக்கு ஒரு பின்னல் ஒழுங்காக வரவில்லை. நீ வந்து பார்த்தபோது, யார் இப்படிக் கோணலாகப் பின்னியது என்று நர்ஸிடம் சண்டை போட்டாய். அது நான்தான்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதற்கு 'ம்' என்று பதில் அனுப்பாதே, ஒரு பக்கமாவது எழுது.

இப்படிக்கு,
கோணலாகப் பின்னிய
உன் அப்பா