உருண்டையோடு போன மச்சானுக்கு

கிளட்சைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டாமலே போய்விட்ட என் அன்பு மச்சானுக்கு,

நீ சுகமாக இருப்பதாகப் பூசையில் பாதர் உறுதியாகச் சொன்னார். இங்கே நிலைமை அப்படியில்லை.

ஞாயிறு மாலை கழற்றினாய். திங்கள் விடிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் மோட்டார் சைக்கிளை நான்தான் திரும்பப் பூட்டினேன். கிளட்ச் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து, வீடியோவில் காட்டிய வரிசையில் அடுக்கி மூடினேன். ஸ்டார்ட் ஆனது. கிளட்சைப் பிடித்தபடி முதல் கியரைப் போட்டேன். பிடித்ததை வண்டி ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ந்து போய்க் கொய்யா மரத்தில் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பலீல் நானா, "சேர், யாரு யார ஓட்டுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கேபிளை இறுக்கினேன். மறுபடியும் அதே மரம். திறந்து படத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: கிளட்சைத் தள்ளும் கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன இரும்பு உருண்டை இருக்க வேண்டும். இல்லை.

உன் மனைவி ரோசலினிடம் கேட்டேன். அவள் விரல் நுனியில் அளவு காட்டினாள்.

"கடல அளவுல, பளபளன்னு?"

"ஆமா. எங்கம்மா?"

"அவரு சட்டப் பையில கெடந்துச்சு அண்ணே. செபமாலையோட சேத்து கோட்டுப் பையில வச்சிட்டேன். அவரு வச்சிருந்தது அவரோடயே போகட்டும்னு..."

கல்யாணக் கோட்டு. நாங்கள் எல்லோரும் மண் போட்டோமே, அந்தக் கோட்டு. சின்னச் சாமான் தொலைந்துவிடும் என்று பையில் போட்டுக்கொள்வது உன் பழக்கம். தொலையவில்லை, மச்சான். பத்திரமாகத்தான் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டை உதிரிப்பாகக் கடையில் கேட்டவுடன் புதியது ஒன்று எடுத்துத் தந்தார்கள். உலகத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ரோசலின்தான் விடவில்லை.

"இப்ப போடாதீங்க அண்ணே. வேல முடியாம கெடந்தா, அவரு இன்னும் வீட்லதான் இருக்குற மாதிரி இருக்கு."

அதனால் பல்லேகல தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறி ஓடுகிறாள். நேற்றும் பிந்திவிட்டாள். இன்னொரு முறை பிந்தினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கியவன் நீ. நீ சொன்னால் கேட்பாள். எப்படிச் சொல்லப் போகிறாய்?

புது உருண்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் கை நீட்டும் நாளில் கொடுப்பேன், இது சத்தியம். அதற்குள் எனக்கு ஏதாவது நேர்ந்தால், புதைப்பதற்கு முன் பையைப் பார்க்கும்படி வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ரோசலினின் அண்ணன்,
உன் மச்சான்