உறைபெட்டியின் பிளக்

அன்புள்ளவளே,

இரண்டு வருடம் எழுதாதவள் இன்று எழுதுகிறேன். அமேலாண்ட் தீவில் காற்று ஓயவில்லை. காட்டு வாத்துகள் மேய்ந்து நகர்ந்ததும், எச்சம் காய்வதற்குள் மாதிரிக் குழாயில் எடுத்தாக வேண்டும். அவற்றின் குடல் கிருமிகளை ஆராய்வதற்காக நாள் முழுக்கக் குனிந்து ஓடுகிறேன். உனக்குத் தெரியாததா?

காலையில் பண்ணைக்கார யெல்ட்யே காப்பியோடு வந்தாள்.

"இன்னும் வாத்துப் பீதான் பொறுக்குறியா? உன் கூட்டாளி எங்கடி?"

"வேலையை விட்டுட்டா."

"விடாம என்ன செய்வா? கெட்டில் போட உறைபெட்டி பிளக்கைப் பிடுங்கினவ நீ, பழி அவமேல. என் கொட்டகையிலதானே நடந்தது, நான் பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

அப்புறம் மூன்று குழாய்களைக் கீழே போட்டேன். மதியம் பேராசிரியரை அழைத்து, அந்த வருட மாதிரிகள் உருகிக் கெட்டது என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். அவர், "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

நாளைப் படகில் நான் வேலையை விட்டுப் போகிறேன். இந்த வேலைக்குப் பேராசிரியர் உன்னைத் திரும்ப அழைக்கப்போகிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

மன்னிப்பு என்று நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். அன்று நீ மூட்டை கட்டியபடியே, "நான்தான் உறைபெட்டி மூடியைச் சரியா மூடலையோ?" என்று என்னிடம் கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்த்து, "இருக்கலாம்" என்றேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள்