கெண்டைக்காலும் மடுவுக்கு வைத்த நேர்த்தியும்

ஜூலை 16, புதன்

சோளகக் காற்று. வாயைத் திறந்தால் மணல். காலையில் கழுதையொன்று வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கறிவேப்பிலைக் கன்றை மென்றது. விரட்டப் பாய்ந்தேன். வலது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்த மாதிரி ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கழுதை மட்டும், மென்றபடி.

ஆஸ்பத்திரி. தசை கிழிந்திருக்கிறதாம். "ஒரு மாதம் கவனமா இருங்கோ" என்றார் டொக்டர். ஆவணித் திருவிழாவுக்கு இருப்பதே ஒரு மாதம்!

போன ஆவணியில் மடுக் கோயிலில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று வைத்த நேர்த்திக்கடன்: என் மனிசன் ஒரு வருசம் குடிக்காமல் இருந்தால், வீட்டிலிருந்து நடந்தே வருவேன். அன்றிலிருந்து இவர் ஒரு சொட்டும் தொடவில்லை. நேர்த்தி விசயம் இவருக்குத் தெரியாது. சொன்னால் பாய்வார். நான் நடக்காவிட்டால் திரும்பத் தொடங்கிவிடுவாரோ?

ஜூலை 18, வெள்ளி

ஐஸ் வைக்க வேண்டுமாம். இவர் போட் எஞ்சின் திருத்தப் போன மீன்வாடியிலிருந்து கொண்டுவந்தார். மீன் பெட்டி ஐஸ். கால் முழுக்கச் சூடை மீன் மணம். பூனை காலடியை விட்டு அசையவில்லை.

பின்னேரம் லில்லி மச்சாள், இவரின் அக்கா, அடுத்த வளவு. கையில் எண்ணெய்ப் போத்தல்.

"நரம்பு பிரண்டிருக்கு. உருவினாச் சரி."

"வேண்டாம் மச்சாள். டொக்டர் தொடக்கூடாதெண்டவர்."

"டொக்டருக்கு என்ன தெரியும்? காலை நீட்டு."

உருவினார். மாதாவே! பொழுதுபடக் கால் பூசணிக்காய்.

ஜூலை 28, திங்கள்

வீக்கம் வற்றிவிட்டது. தையல் மெசின் மிதிக்க இன்னும் முடியவில்லை. திருவிழாவுக்குச் சட்டை தைக்கத் தந்தவர்கள் வாசலில் நின்று முணுமுணுப்பு. என் காலைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை, எல்லாருக்கும் கழுத்து வெட்டும் லேஸும்தான்.

பிசியோ மிஸ்ஸிடம் போனேன். சின்னப் பிள்ளை. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்க வேண்டும். பிறகு மெல்ல நடை.

"மணலில நடக்காதீங்கோ அன்ரி."

"மன்னாரில மணல் இல்லாத இடத்தைக் காட்டு பிள்ளை, நடக்கிறன்."

சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆக்கினை. எல்லாம் நானே தேடிக்கொண்ட ஆக்கினை.

வேலிப் படலை வரை நோகாமல் நடந்தேன். சந்தி வரை நடந்தேன். தலைக்கனம் வந்துவிட்டது. மணல் இல்லாத தார் றோட்டு வேண்டும் என்று பஸ் ஏறி, தீவிலிருந்து வெளியே போகும் கடல் பாலத்துக்குப் போனேன். மடுவுக்கு ஒத்திகையாம்! பக்கத்திலிருந்து காற்று தள்ளத் தள்ள, ஒவ்வொரு எட்டும் சரிந்து வைத்தேன். பாலத்து நடுவில் திரும்பவும் அதே அடி, அதே இடம். ஓட்டோவில் வீடு.

"உந்தக் காலோட பாலத்தில என்ன வேலை உனக்கு?" என்று இவர் கத்தினார். எனக்கும் வந்தது கோபம். நேர்த்தியைக் கொட்டிவிட்டேன். "உங்களுக்காகத்தான்! நீங்கள் குடியை விட்டதுக்கு!"

இவருடைய முகம் கறுத்தது. "விட்டது ஆர்? நானெல்லோ விட்டனான். கை நடுங்க நடுங்க, நித்திரையில்லாமல் கிடந்தது நான். பேர் மாதாவுக்கும் உன்ர காலுக்குமோ?"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். எங்கே என்று கேட்கவும் பயம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று இருட்டி வந்தார். கிட்டப் போய் மணந்து பார்த்தேன். எஞ்சின் எண்ணெய் மணம் மட்டும். தெரிந்துவிட்டது அவருக்கு. "மணந்து முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட இருந்தார்.

அவர் கேட்டது சரிதான். ஒரு வருசமாகச் செபமாலையில் நன்றி, நன்றி. இந்த மனிசனிடம் ஒரு வார்த்தை சொன்னேனா?

ஐஸ் இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழும்பினால் இவர் இல்லை. பையும் இல்லை. நொண்டி நொண்டி வேலிக்குப் போனேன்.

"தம்பி விடிய மடுவுக்கு நடக்கிற ஆக்களோட போயிட்டான்," என்றார் லில்லி மச்சாள். "உனக்குச் சொல்லேல்லையோ?"

திரும்பத் திரும்ப அடித்து, பத்து மணிக்குத்தான் போன் கிடைத்தது. உயிலங்குளம் தாண்டிவிட்டார்களாம். மூச்சு வாங்குகிறது.

"என்ர நேர்த்தியை நீங்கள் நடந்து தீர்க்கேலாது!"

"உன்ர நேர்த்தியை ஆர் தொட்டது? கால் சுகமான பிறகு நட. மாதா எங்க போகப்போறா? நீ போன வருசத்துக்கு நட. நான் வாற வருசமும் தொடாமல் இருக்க நடக்கிறன்."

மெல்லச் சொன்னேன்.

"காத்துக்குக் கேக்கேல்லை. கத்திச் சொல்லு!"

"குடியை விட்டது நீங்கள்தான் எண்டு சொன்னனான்! நீங்கள்தான்!"

ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.