எலியைத் தாண்டாத மஞ்சள்

பாபா, ஆயி, பெற்றவர்கள் இருவர் பாதமும் தொட்டு நமஸ்காரம். பாபா, உங்களுக்கு வாந்தி நின்றதா? ஆயி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று ஆய்வகத்தில் மஞ்சள் சாற்றைக் கொட்டிவிட்டேன். முழங்கைவரை மஞ்சள். "ஏண்டி கேதகி, மாப்பிள்ளை யாரு?" என்றான் கூட ஆராய்ச்சி செய்யும் நிநாத். "கூண்டுல இருக்கிற எலிதான், உன்னைவிட அழகு" என்றேன்.

"என் பொண்ணே மஞ்சள்ல புற்றுநோய்க்கு மருந்து பண்றா, எனக்கெதுக்கு ஆஸ்பத்திரி?" என்று நம் வயல் மஞ்சளை விழுங்குகிறீர்களாமே! கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விழுங்கும் மஞ்சள் கட்டிவரை போய்ச் சேராது, பாபா. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்பிப் பார்க்கிறோம். அதுவும் இன்னும் எலியைத் தாண்டவில்லை. நீங்கள் எலி இல்லை. ஊசிக்கு ஒளிவதில் மட்டும்தான் எலி.

கடலைச் சட்னிப்பொடி அனுப்புங்கள். ஆயியின் பழைய புடவை ஒன்றும். இங்கே போர்வை உறுத்துகிறது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து ட்ரிப் ஏறும் கையைப் படமெடுத்து அனுப்புங்கள். படம் வராவிட்டால் நிநாத்தையே மாப்பிள்ளையாக்கி வாசலில் நிறுத்துவேன்.

மேடம் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.
கேதகி